கங்காணி இல்லாத தோட்டம்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒழுங்கு என்றாலே பெரட்டுதான். விடியுமுன் மணி அடிக்கும். இருட்டிலேயே வரிசை நிற்கும். கிராணி பெயர் வாசிப்பார், கங்காணி நிரை பிரித்துக் கொடுப்பார். ஜொகூரில் லாயாங் லாயாங்கைச் சுற்றியுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் காலையைக் கண்டார்கள். மேலேயிருந்து ஒருவர் அதட்டாவிட்டால் கீழே வேலை ஓடாது என்ற எண்ணம் எலும்புவரை ஊறிவிட்டது. அதே தோட்டத்தில், அதே மரங்களின் மேல், பெயர் வாசிக்க ஆளில்லாமலே பெரிய பெரிய வேலைகள் ஓயாமல் நடக்கின்றன. படைத்தவன் அங்கே கங்காணியை வைக்கவில்லை.

செம்பனைப் பூவையே பாருங்கள். ஒரே மரத்தில் ஆண் பூங்கொத்தும் வரும், பெண் பூங்கொத்தும் வரும். ஆனால் காலம் மாறி மாறி வரும். ஆகவே பெண் பூவுக்குப் பெரும்பாலும் வேறொரு மரத்து மகரந்தம்தான் கிடைத்தாக வேண்டும். காற்று கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். நம் ஊர்க் காற்றுக்கு அவ்வளவு சுறுசுறுப்பு கிடையாது. எனவே ஆள் வைத்து, பூ பூவாகத் தேடிப்போய் மகரந்தத் தூளைக் கையால் தூவச் செய்தார்கள். ஆப்பிரிக்காவில் யாரும் தூவாமலே குலை நிறையக் காய்க்கிறதே, எப்படி? எழுபதுகளின் இறுதியில் சையது என்ற பூச்சியியலாளர் கெமரூனுக்குப் போய் இதைத்தான் ஆராய்ந்தார். அரிசி நீளம்கூட இல்லாத ஒரு மூக்கு வண்டுதான் அங்கே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. 1981இல் அந்த வண்டைக் கொண்டுவந்து முதலில் விட்ட இடம் வேறெங்கும் இல்லை, நம் குளுவாங் வட்டாரம். லாயாங் லாயாங்கிலிருந்து ரயில் பாதையோடு வடக்கே போனால் ரெங்கம் தாண்டிக் குளுவாங்.

பிறகு வண்டுக்கு யாரும் வேலை சொல்லவில்லை. ஆண் பூ சோம்பு மணம் வீசும். வண்டு அங்கே தின்னும், முட்டையிடும். வாடிய ஆண் பூதான் அதன் குஞ்சுகளுக்கு உணவு, ஆகவே மரத்துக்குச் சேதமில்லை. பெண் பூவும் இடையிடையே அதே மணத்தைக் கொஞ்சம் வெளியிடும். வண்டு ஏமாந்து போய் இறங்கி, ஒன்றும் கிடைக்காமல் திரும்பும். திரும்புமுன் உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை உதிர்த்துவிடும். சில ஆண்டுகளுக்குள் தீபகற்பம் முழுவதும் பரவி, அத்தனை பேர் கையால் செய்த வேலையை அது ஏற்றுக்கொண்டது. அந்த வேலையை நம்பியிருந்தவர்களின் சம்பளம் போனது என்பதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஆனால் என்னை இன்னும் வியக்க வைப்பது முசுறு எறும்பு. மலாய்க்காரர்கள் கெரெங்கா என்பார்கள். குலை வெட்டப் போகிறவர்கள் அதன் பெயரைக் கேட்டாலே சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். நீளக் கம்பால் மட்டையை அசைத்ததும் கழுத்துக்குள் கொட்டும், கடித்த இடத்தில் அமிலத்தையும் பீச்சும்.

கடிக்குப் பயப்படாமல் கொஞ்சம் எட்ட நின்று, கூடு கட்டும்போது பார்க்க வேண்டும். ஒரு இலையின் விளிம்பில் நாலைந்து எறும்புகள் வாயால் கவ்வி இழுத்துப் பார்க்கும். அடுத்த இலையில் வேறு சில அதே முயற்சியில் இருக்கும். எங்கே இலை கொஞ்சம் வளைந்து கொடுக்கிறதோ அங்கே பக்கத்து எறும்புகளும் வந்து சேரும். வளையாத இடத்தில் இருந்தவை விட்டுவிட்டு வரும். கூட்டம் கூடிப் பேசுவதில்லை, ஓட்டெடுப்பு இல்லை. இலைகளுக்கு நடுவே இடைவெளி எட்டாவிட்டால் ஒன்று மற்றதன் இடுப்பைக் கவ்வும், அதன் இடுப்பை இன்னொன்று கவ்வும், உயிருள்ள சங்கிலியாகத் தொங்கி எதிர் விளிம்பை இழுத்துக்கொண்டு வரும். இரண்டு விளிம்பும் ஒட்டி நின்றதும் சில எறும்புகள் பழைய கூட்டுக்குள் போய் வளர்ந்த புழுக்களை வாயில் ஏந்தி வரும். புழுவின் தலையை இந்த இலையில் ஒரு தொடல், அந்த இலையில் ஒரு தொடல். தறியில் ஓடம் போய்வருவதுபோலப் போய்வர, புழுவின் வாயருகிலிருந்து பட்டு நூல் சுரந்து இலைகளை ஒட்டிவிடும்.

மற்ற பல எறும்பினங்களின் புழுக்கள் அந்தப் பட்டைக் கொண்டு தமக்குக் கூடு சுற்றிக்கொள்ளும். முசுறுவின் புழு அப்படிச் செய்வதில்லை. உள்ள நூலை எல்லாம் ஊர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, மேலே போர்வையில்லாமலே கூட்டுப்புழுப் பருவத்தைக் கழிக்கிறது. இதை யார் அதற்குச் சொல்லிக்கொடுத்தார்? எண்ணிப் பார்த்தால் கை தானாகக் குவிகிறது.

ராணி முட்டையிடுவதோடு சரி, ஆணையிடுவதில்லை. பல மரங்களில் பரவி, லட்சக்கணக்கில் பெருகும் குடியிருப்பு இது. முழு வரைபடம் ஒரு தலைக்குள்ளும் இல்லை. 1959இல் பியர்-பால் கிராஸே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் கரையான் புற்றை வைத்து இதன் சூட்சுமத்தைப் பிடித்தார்: நடந்துள்ள வேலைதான் அடுத்த வேலைக்கு உத்தரவு. அருகில் வளைந்த இலை தெரிகிறதா, போய் இழு, அவ்வளவுதான். இதில் உயிரான சொல் ‘அருகில்’.

மனிதரிலும் இது நடக்கும். ஐம்பதுகளின் பிற்பாதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்க, நம் மக்கள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு 100 வெள்ளி. அதையும் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தலைவர் இல்லாமல் நடந்தது என்று நான் சொல்லவரவில்லை, அவர் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கியவர். ஆனால் மேடைப் பேச்சைக் கேட்டு மட்டும் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி பத்து வெள்ளியை எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். அதே லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கட்டினார், எதிர்வீட்டுக்காரர் கட்டினார், அதைப் பார்த்து இவரும் கட்டினார் என்றுதான் நான் எண்ணுகிறேன். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அதன் பின் வேறு தோட்டங்களும் வந்தன.

பக்கத்தைப் பார்த்து நடப்பது எப்போதும் நல்ல இடத்தில் கொண்டுபோய் விடும் என்றும் சொல்ல முடியாது. வில்லியம் பீபி என்ற இயற்கையாளர் கயானாக் காட்டில் படை எறும்புகள் வட்டமாக நடப்பதைக் கண்டார். பெரும்படையிலிருந்து பிரிந்துபோன கூட்டம் அது. முன்னால் போகிறதன் வாசனையைப் பின்னால் வருவது பிடித்தது. முன்னால் போனதோ வட்டத்தின் மறுபக்கத்தில் இதன் பின்னால்தான் வந்துகொண்டிருந்தது. சுற்றளவு ஏறத்தாழ 1,200 அடி, ஓர் எறும்பு ஒரு சுற்று வர இரண்டரை மணி நேரம். பெரும்பாலானவை அப்படியே சுற்றிச் செத்தன. ஒவ்வொன்றும் வழக்கமான விதியைத்தான் பின்பற்றியது, ஒன்றும் தப்புச் செய்யவில்லை. தலை நிமிர்ந்து “எங்கே போகிறோம்?” என்று கேட்கும் வரத்தை இறைவன் எறும்புக்குத் தரவில்லை. நமக்குத் தந்திருக்கிறான். அதைப் பயன்படுத்துகிறோமா என்பது வேறு கதை.

நம் பெண்கள் தோட்டத்தில் நடத்திய கூட்டுப் பணத்தில் இரண்டு பக்கமும் தெரியும். மாதாமாதம் எல்லாரும் போடுவார்கள், ஒருவர் எடுப்பார். பிள்ளையின் பள்ளிச் செலவும் பெண்ணின் கல்யாணமும் இதில்தான் நடந்தன. எழுத்தில் ஒன்றும் இராது. எடுத்தவள் தினமும் அதே தண்ணீர்க் குழாயடிக்கு வந்தாக வேண்டும் என்பதுதான் உத்தரவாதம். குழாயடி போய், முகம் தெரியாதவர்கள் சேர்ந்ததும் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுவதும் தொடங்கியது. 1971இல் அரசாங்கம் கூட்டுக்குத் தடைச் சட்டமே கொண்டுவந்தது. இன்று வாட்ஸ்அப்பில் முன்பின் அறியாதவர்களோடு கூட்டுப் போட்டுவிட்டுப் போலீசில் புகார் கொடுக்கப் போகிறவர்கள், கூட்டைத் தொழிலாக நடத்துவதே சட்டப்படி குற்றம் என்பதை அங்கே போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.