அதே கரையைத் தேடி வரும் தாய்

1826ஆம் ஆண்டு. அம்பாந்தோட்டைக்கு அருகே ஓர் அழுங்காமை பிடிபட்டது. அதன் துடுப்பில் ஒரு வளையம் கிடந்தது. யார் போட்ட வளையம்? அதற்கு முப்பது வருடங்களுக்கு முன்னர் ஒல்லாந்த அதிகாரி ஒருவர், "இந்த ஆமை மறுபடியும் இதே கரைக்குத்தான் வருமா?" என்று அறிந்துகொள்வதற்காகப் போட்டுவிட்ட வளையம் அது! இடையில் ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்துவிட்டனர். கண்டி இராச்சியமும் வீழ்ந்துவிட்டது. நாடே கைமாறிய பிறகும் ஆமை தன் கரையை மறக்கவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கையில் உயர்பதவி வகித்த எமர்சன் டெனன்ட் தமது நூலில் இச்செய்தியைப் பதிந்து வைத்திருக்கிறார்.

சுபுஹானல்லாஹ்! தாய்வீட்டை மறவாத பெண்களுக்கு இந்தச் செய்தி மனத்தைத் தொடாமல் போகாது.

கிழக்கே வங்கக் கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். காத்தான்குடி, ஆரையம்பதி, பாலமுனை, தாழங்குடா என்று முஸ்லிம்களும் தமிழர்களும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள் இந்த மணலில்தான் இருக்கின்றன. கரைவலை இழுக்கும் வாடிகளும், அடம்பன் கொடியும், இராவணன் மீசையும் நிறைந்த இக்கடற்கரை நமக்குக் காற்று வாங்கும் இடம். ஆமைக்கோ அது பிள்ளைப்பேற்று மனை.

உலகில் ஏழு வகைக் கடலாமைகள் உண்டு. அவற்றில் ஐந்து வகை நமது சின்னஞ்சிறு நாட்டின் கரைகளில் முட்டையிடுகின்றன. பச்சை ஆமையான பேராமை, பங்குனி ஆமை, பெருந்தலை ஆமை, அழுங்காமை, எல்லாவற்றிலும் பெரியதான ஏழுவரி ஆமை என்பன அவை. பெரிய நாடுகள் பலவற்றுக்கும் இந்தப் பாக்கியம் இல்லை.

இருட்டில் ஒரு பிரசவம்

தாய் ஆமை இரவில்தான் கரையேறும். வெளிச்சமோ ஆளரவமோ கண்டால் வந்த வழியே திரும்பிவிடும். அலை எட்டாத இடம் பார்த்து, பின் துடுப்புகளால் குடம் போன்ற குழி தோண்டி, ஒரு தடவைக்கு நூறு முட்டை அளவில் இடும். பிறகு மணலை இழுத்து மூடி, குழி இருந்த அடையாளமே தெரியாதபடி மண்ணை வாரி இறைத்துவிட்டுக் கடலுக்குப் போய்விடும். அப்போது அதன் கண்களில் நீர் வழியும். பிள்ளைகளைப் பிரியும் கவலையில் அழுகிறது என்று சிலர் சொல்வார்கள். உண்மையில் அது உடலில் சேரும் உப்பை வெளியேற்றும் சுரப்பியின் வேலை. ஆனாலும் அந்தக் காட்சியைக் கண்டவர்கள் அழுகை என்று சொன்னதில் பிழையில்லை என்றே தோன்றுகிறது.

ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் குஞ்சு பொரிக்கும். மணலின் சூடுதான் அது ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. சுமார் 29 பாகை செல்சியசுக்கு மேல் போகப் போகப் பெண் குஞ்சுகள் கூடும். அவுஸ்திரேலியாவின் பெரும் பவளப் பாறைத் தொடரின் வடபகுதியில் இளம் பச்சை ஆமைகளில் நூற்றுக்கு 99க்கு மேல் பெண்கள் என்று 2018இல் வெளியான ஆய்வு கூறியது. பூமி சூடாவது இப்படியும் ஓர் இனத்தின் அடிவேரைத் தொடுகிறது.

வெளியே வந்த குஞ்சு எங்கே போகும்? எந்தப் பக்கம் அதிக வெளிச்சமோ அங்கே போகும். மின்விளக்கு வருவதற்கு முன்னர் இரவில் பிரகாசமாகத் தெரிந்தது கடல்வானம் மட்டுமே. இன்று கரையோர வீட்டு விளக்கும் தெருவிளக்கும் ஹோட்டல் விளக்கும் குஞ்சை எதிர்த் திசைக்கு இழுக்கின்றன. விடியும்போது எறும்பு, காகம், நாய். ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் பெரிதாகித் தாயாகும் என்று கணக்கிடுகிறார்கள். அந்த ஒன்றும் முதிர்ச்சியடைய இருபது முப்பது வருடங்கள்கூட ஆகலாம்.

இறைச்சியும் முட்டையும்

நமது நாட்டில் முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றுவது ஷாஃபிஈ மத்ஹப். அதில் நீரிலும் நிலத்திலும் வாழும் ஆமையை உண்பது கூடாது என்பதே வலுவான கருத்து. ஆகவே ஆமை இறைச்சி நம் அடுப்படிக்கு வருவது அரிது. வராமல் இருப்பது உயிருக்கும் பாதுகாப்பு. 1840ஆம் ஆண்டு ஒக்டோபரில் பாணந்துறையில் ஆமை இறைச்சி சாப்பிட்ட 28 பேர் நோயில் வீழ்ந்தனர். 18 பேர் அன்றிரவே மாண்டனர். இதையும் டெனன்ட் எழுதியிருக்கிறார். அழுங்காமை உண்ணும் சில கடற்பிராணிகளிலிருந்து நஞ்சு அதன் உடலில் சேர்வதாகக் கருதப்படுகிறது. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மாற்று மருந்தும் கிடையாது. தாய் சாப்பிட்டால் பால் குடிக்கும் பிள்ளையையும் அது தாக்கும். பிள்ளை பெற்ற வீட்டில் உறவுக்காரர் யாராவது "சத்து" என்று கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

முட்டை விஷயம் வேறு. கோழி முட்டை போலத்தானே என்று நினைப்பவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். இதற்கு மலேசியாவின் திரெங்கானு மாநிலத்தைப் பாருங்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாநிலம் அது. 1950களில் அங்குள்ள ரந்தாவ் அபாங் கரையில் ஏழுவரி ஆமைகள் வருடத்துக்குப் பத்தாயிரம் தடவை முட்டையிட்டன. சந்தையில் முட்டை மலிந்து கிடந்தது. பெண்கள் கூடையில் குவித்து விற்றார்கள், பெண்கள் வாங்கிச் சமைத்தார்கள். தாய் ஆமைகள் வருடா வருடம் வந்துகொண்டே இருந்ததால் யாருக்கும் குறை தெரியவில்லை. கிழவிகள் மட்டும் நடமாடும் ஊர்போல, அடுத்த தலைமுறை இல்லை என்பதைக் கண்டுகொள்ளப் பல வருடங்கள் ஆயின. கடலில் வலையில் சிக்கியும் பல மாண்டன. இந்த நூற்றாண்டு பிறந்தபோது அக்கரையில் விரல்விட்டு எண்ணும் அளவே மிஞ்சியது. எல்லா வகை ஆமை முட்டை விற்பனையையும் திரெங்கானு தடைசெய்தது 2022இல். ஏழுவரி ஆமையைப் பொறுத்தவரை காலம் கடந்த தடை!

நமது நாட்டில் சட்டம் முந்திக்கொண்டது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1972 முதல் கடலாமைகள் பாதுகாக்கப்படுகின்றன. ஆமையைக் கொல்வதும் முட்டை தோண்டுவதும் விற்பதும் குற்றம். ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு முட்டை தோண்டுபவனைச் சட்டப் புத்தகம் மட்டும் தடுத்துவிடாது. தங்காலைக்கு அருகே ரெக்காவையில் 1996இல் ஆமைப் பாதுகாப்புத் திட்டத்தினர் ஒரு நல்ல வழி கண்டார்கள். முட்டை தோண்டி விற்றவர்களையே சம்பளம் கொடுத்துக் காவலர்களாக்கினார்கள். எந்தத் தடம் எந்தக் குழிக்குப் போகிறது என்று அவர்களைவிட அறிந்தவர் யார்? 2006இல் அக்கரை சரணாலயமானது.

கொஸ்கொடைப் பக்கத்துக் குஞ்சு பொரிப்பகங்களைச் சுற்றுலா சென்ற பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே குஞ்சுகளைத் தொட்டியில் நாட்கணக்கில் வைத்துக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பிறந்த உடனே நிற்காமல் நீந்தி ஆழ்கடல் சேரும் வேகம் அவற்றுக்கு முதல் ஓரிரு நாட்களுக்கே கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த வேகம் தொட்டியில் வீணாகிறது.

ஓமானுக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள் ராஸ் அல் ஜின்ஸ் கரையைக் கேள்விப்பட்டிருக்கலாம். 1996 முதல் அது அரச ஆணையால் பாதுகாக்கப்பட்ட பச்சை ஆமைக் கரை. இரவில் வழிகாட்டியுடன், வெளிச்சமில்லாமல், சத்தமில்லாமல் போய்ப் பார்த்து வரவேண்டும்.

சொப்பிங் பேக்கும் கப்பலும்

2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்து, ஜூனில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலை மறந்திருக்க மாட்டீர்கள். நைத்திரிக் அமிலமும், அரிசி போன்ற பிளாஸ்டிக் மணிகளும் கடலில் கலந்தன. அடுத்த வாரங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து கரையொதுங்கின. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பளித்தது.

கப்பலுக்கு நீதிமன்றம் இருக்கிறது. நம் சமையலறையிலிருந்து வாய்க்கால் வழியாக வாவிக்கும், வாவியின் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கும் போகும் சொப்பிங் பேக்குக்கு யார் பொறுப்பு? ஏழுவரி ஆமையின் உணவு சொறிமுட்டை எனப்படும் ஜெலிமீன். தண்ணீரில் மிதக்கும் பையும் அதற்குச் சொறிமுட்டையாகவே தெரியும். விழுங்கினால் குடல் அடைத்துவிடும்.

வலையும் எமன்தான். ஆமை மீனைப்போல் நீரில் சுவாசிப்பதில்லை; மேலே வந்து மூச்சு விடவேண்டும். வலையில் சிக்கி நேரத்துக்கு மேலே வர முடியாவிட்டால் மூழ்கி இறந்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைப் பக்கத்துக் கரைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கியதற்கு இழுவை வலைகளே முக்கிய காரணமாகச் சொல்லப்பட்டன. வலையில் உயிரோடு இருக்கும் ஆமையை வெட்டி விடுவதால் வலை கிழியும், நட்டம் வரும். வீட்டிலுள்ள ஆண்கள் தொழிலுக்குப் போகிறவர்களானால், அந்த நட்டத்தை வீட்டில் குறையாகப் பேசாமல் இருப்பதே பெரிய உதவி.

கரையோரத்தில் வீடு உள்ளவர்கள் இரவில் கடற்பக்க விளக்கை அணைத்து வையுங்கள், அல்லது வெளிச்சம் கீழே விழும்படி மூடி போடுங்கள். முற்றத்துக்கு வழிதவறி வந்த குஞ்சுகளைப் பிள்ளைகள் கண்டால் தண்ணீர் வாளியில் போட விடாதீர்கள். ஈர மணல் பரப்பிய பெட்டியில் எடுத்துப்போய், டோர்ச் அடிக்காமல், கடலுக்குச் சற்று முன்னே மணலில் விட்டால் போதும். மீதித் தூரத்தை அவை தாமே ஊர்ந்து போகட்டும். காயப்பட்ட பெரிய ஆமை, யாரோ தோண்டிய குழி என்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம் 1992, இரவிலும் அழைக்கலாம்.