பண்டிகைக்கு ஒரு லோடு எரு

டிசம்பர் பிறந்துவிட்டால், தோட்டக் கிறுக்குப் பிடித்தவர்கள் இருக்கும் பிரிட்டிஷ் வீடுகளில் ஒரு தர்மசங்கடம் தொடங்கிவிடும். கிறிஸ்துமஸுக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். "நல்லா மக்கின குதிரை எரு ஒரு லோடு இறக்கிக் கொடுங்க, போதும்" என்பார் அப்பா. வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, பூப்போட்ட கையுறை ஒரு ஜோடியும், தோட்டக்காரர் படம் அச்சடித்த காபிக் கோப்பை ஒன்றும் வாங்கி, பளபளக்கும் தாளில் சுற்றி வைப்பார்கள். அப்பா கேட்டது நிஜமாகவே எருவைத்தான்.

இவர்களில் பலர் பயிர் செய்வது வீட்டுக் கொல்லையில் அல்ல, 'அலாட்மெண்ட்' எனப்படும் குத்தகைத் துண்டில். உள்ளூர் கவுன்சில் ஒரு நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆண்டு வாடகைக்கு விடும். ஒரு முழுத் துண்டின் மரபான அளவு சுமார் 250 சதுர மீட்டர். நம் கணக்கில் ஆறேகால் சென்ட். கேட்பவர்களுக்கு நிலம் ஏற்பாடு செய்து தரும் பொறுப்பை 1908-ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சில்கள் மேல் வைத்தது. இரண்டாம் உலகப் போரில் உணவுக்குத் தட்டுப்பாடு வந்து, 'டிக் ஃபார் விக்டரி' பிரசாரம் நாடெங்கும் நடந்தபோது, துண்டுகளின் எண்ணிக்கை 14 லட்சம் வரை போனது. இன்று சுமார் 3 லட்சம்தான். ஆசைப்படுபவர்கள் குறையவில்லை, நிலம்தான் குறைந்துவிட்டது. பல ஊர்களில் பெயர் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

அப்படிக் காத்திருந்து வாங்கிய நிலம் என்பதால், அங்கே அலங்காரத்துக்கு வேலை குறைவு. குத்தகைக்காரரின் குடும்பம் சாப்பிடக் காய்கறியும் பழமும் விளைவிப்பதே அலாட்மெண்டின் முதன்மை நோக்கம் என்று 1922-ஆம் ஆண்டுச் சட்டமே வரையறுக்கிறது. பெரும்பாலான இடங்களில் மின்சாரம் கிடையாது. பொதுக் குழாயோ தொட்டியோ இருக்கும். ரப்பர் குழாய் போட்டுப் பாய்ச்சப் பல சங்கங்கள் அனுமதிப்பதில்லை. குளிரில் குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க, குளிர்காலம் முழுக்கத் தண்ணீரை நிறுத்திவிடுவதும் உண்டு. மின்சாரத்தில் ஓடும் புல்வெட்டியைப் பரிசாகக் கொண்டுவருகிற மருமகன் இதையெல்லாம் முன்கூட்டியே விசாரித்திருக்க மாட்டார்.

குழாய் இல்லாத இடத்தில் பூவாளிதான் ராஜா. ஹாஸ் என்ற பெயர் பிரிட்டிஷ் தோட்டக்காரர்களிடம் நம்மூரில் பிரெஸ்டீஜ் குக்கருக்கு இருக்கும் மதிப்பைப் பெற்றது. ஜான் ஹாஸ் மொரீஷியஸில் வெனிலா பயிரிட்டவர். கையில் கிடைத்த பூவாளிகள் சரியாக இல்லையென்று தாமே ஒன்றை வடிவமைத்து 1886-இல் காப்புரிமை பெற்றார். நீளமான மூக்கு, நுனியில் பித்தளைப் பூ. அந்தப் பூவின் முகம் வானத்தைப் பார்த்தபடி இருக்கும். தண்ணீர் மேல்நோக்கிக் கிளம்பி, வளைந்து, தூறலாக இறங்கும். நேற்று முளைத்த கேரட் நாற்றுகூடத் தலை சாயாது. மலிவான பிளாஸ்டிக் வாளியில் ஊற்றினால் விதை ஒரு பக்கம், மண் ஒரு பக்கம் என்று ஓடிவிடும். விலை கொஞ்சம் கடிக்கும். தனக்கென்று வாங்கிக்கொள்ள மனம் வராத இத்தகைய பொருள்தான் பரிசுக்கு ஏற்றது.

ஃபெல்கோ கத்தரியும் அந்த ரகம். ஸ்விட்சர்லாந்தில் ஃபெலிக்ஸ் ஃப்ளிஷ் 1945-இல் தொடங்கிய நிறுவனம் அது. சிவப்புக் கைப்பிடி போட்ட அதன் இரண்டாம் எண் கத்தரி, கிளை கழிப்பவர்களின் இடுப்பில் உலகெங்கும் தொங்குகிறது. வெட்டும் அலகு, ஸ்பிரிங், திருகாணி என ஒவ்வொரு பாகமும் தனியாகக் கிடைக்கும். கத்தரி ஏற்கெனவே இருப்பவருக்குப் புது அலகும் ஸ்பிரிங்கும் சின்னஞ்சிறு உறையில் போட்டுக் கொடுத்தால், காபிக் கோப்பையைவிட நூறு மடங்கு மகிழ்ச்சி. கெல்லி கெட்டிலையும் சொல்லலாம். அயர்லாந்துக்காரர்களின் இந்தப் பாத்திரத்துக்கு நடுவே புகைபோக்கி, சுற்றிலும் தண்ணீர். காய்ந்த சுள்ளிகளைப் போட்டுப் பற்றவைத்தால் சில நிமிடங்களில் தேநீருக்குக் கொதித்துவிடும். மின்சாரமில்லாத கொட்டகையில் வேறென்ன வேண்டும்?

ஆனால் அனுபவசாலிகளைக் கேட்டால், கருவிகளைவிடத் தீர்ந்துபோகும் பொருள்களையே விரும்புவார்கள். சணல் கயிறு, நாற்றுத் தட்டு, பெயர் எழுதும் குச்சி, விதை மண் மூட்டை. இடப்பற்றாக்குறை ஒரு காரணம்: கொட்டகை ஏற்கெனவே நிரம்பி வழிகிறது.

எருவுக்கு வருவோம். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. வாங்கிக் கொடுக்க நினைப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 2008-இல் பிரிட்டனின் பல தோட்டங்களில் தக்காளி, உருளை, பீன்ஸ் இலைகள் காரணம் புரியாமல் சுருண்டு முறுக்கிக்கொண்டன. துருவிப் பார்த்தபோது பழி எருவின் மேல் விழுந்தது. மேய்ச்சல் நிலத்தில் களையைக் கொல்ல அடிக்கும் அமினோபைரலிட் என்ற மருந்து, புல்லைத் தின்ற மாடு குதிரைகளின் வயிற்றில் சிதையாமல் சாணத்தோடு அப்படியே வெளியே வந்திருந்தது. அதன் விற்பனை அந்த ஆண்டே தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. புதிய கட்டுப்பாடுகளோடு பிறகு திரும்பி வந்தது. ஆகவே எரு தருபவரிடம் புல்லுக்கு என்ன மருந்து அடித்தீர்கள் என்று கேட்டுவிடுவது நல்லது. சந்தேகமிருந்தால், எருவைக் கலந்த மண்ணைச் சில தொட்டிகளில் போட்டு பிராட் பீன்ஸ் விதைத்துப் பார்ப்பார்கள். இலை நேராக விரிந்தால் எரு நல்ல எரு. சுருண்டால் பாத்திக்குக் கொண்டுபோகக் கூடாது.

அடுத்தது காலம். கிறிஸ்துமஸ் சமயத்தில் மண் குளிர்ந்து கிடக்கும், விதைக்க ஒன்றுமில்லை. ஆனால் மண்ணில்லாமல் வேரோடு பிடுங்கி விற்கும் பழக்கன்றுகளுக்கு நவம்பர் முதல் மார்ச் வரைதான் பருவம். ஆப்பிள் கன்று வாங்கும்போது ரகத்தின் பெயரைப் பார்ப்பதோடு, எந்த வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டியது என்பதையும் பார்க்க வேண்டும். எம்27 என்றால் ஆளுயரத்துக்குள் அடங்கிவிடும். எம்எம்106 என்றால் நான்கு மீட்டர்வரை எழும்பும். இந்த 'எம்' எல்லாம் கென்ட் மாவட்டத்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம் தந்த பெயர்கள். மரமே வைக்கக் கூடாது என்று தடுக்கும் அலாட்மெண்டுகளும் உண்டு. விதியைக் கேட்டுவிட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

பிறந்தநாள் பரிசு மாதத்தைப் பொறுத்தது. ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவருக்கு விதை உருளைக்கிழங்கைவிடப் பொருத்தமான பரிசு இல்லை. காலி முட்டை அட்டையில் அவற்றைக் கண் மேலாக நிறுத்தி, வெளிச்சமான சன்னல் ஓரத்தில் முளைவிட வைப்பார்கள். கருகல் நோய் பயமிருந்தால் சார்போ மிரா ரகத்தைத் தேடலாம். ஹங்கேரியின் சார்வாரி குடும்பம் உருவாக்கிய, நோயை நன்றாகத் தாங்கும் ரகம் அது. ஜூலை, ஆகஸ்டில் பிறந்தவருக்கு எதையும் வாங்கித் தரவே வேண்டாம். சீமைச் சுரைக்காய் அப்போது அவர்கள் வீட்டில் மலைபோலக் குவிந்திருக்கும். அவர்கள் பத்து நாள் ஊருக்குப் போய்வரும்வரை 'நான் தண்ணீர் ஊற்றுகிறேன்' என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும்.

விதைப் பிரியர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 'கார்டன் ஆர்கானிக்' என்ற அறக்கட்டளையின் பாரம்பரிய விதை நூலகத்தில் உறுப்பினராக்கிவிடலாம். அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லாததால் கடைகளில் கிடைக்காத பழைய காய்கறி ரகங்களை அந்நூலகம் காப்பாற்றி, உறுப்பினர்களுக்கு ஆண்டுதோறும் சிலவற்றை அனுப்புகிறது. ஆசியாவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் குடியேறியவர்கள் அலாட்மெண்டில் வளர்த்துப் பழக்கிய கீரை, சுரை வகைகளைப் பதிவுசெய்யும் திட்டமொன்றையும் இதே அமைப்பு நடத்தியது. தண்டுக்கீரை பிரிட்டிஷ் கோடையில் நன்றாகவே வளர்கிறது.

லண்டனில் சித்தப்பாவோ மகளோ அலாட்மெண்ட் வைத்திருந்தால், நம்மூர் மிளகாய், தக்காளி விதைகளைப் பெட்டியில் போட்டு அனுப்பும் ஆசை யாருக்கும் வரும். அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து இந்த விதைகளை பிரிட்டனுக்குக் கொண்டுபோகத் தாவரநலச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாவிட்டால் பறிமுதல்தான். அங்குள்ள விதைக் கடையொன்றில் அவர்கள் பெயருக்குப் பணம் கட்டிவிடுவது எளிது. எந்த ரகம் என்பதை அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.