வாடகை வீட்டுக்குள் உரிமையாளர் அனுமதியின்றி நுழையலாமா? தில்லியில் குடியிருப்போர் அறிய வேண்டிய சட்ட விதிகள்

புதுதில்லி: கிழக்கு தில்லியின் ஷகர்பூர் பகுதியில் வாடகை வீட்டில் தனியாகத் தங்கி, குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்து வந்த பெண் ஒருவர் அளித்த புகாரின் பேரில், வீட்டு உரிமையாளரின் மகனை தில்லி காவல்துறை 2024 செப்டம்பரில் கைது செய்தது. அப்பெண்ணின் குளியலறையிலும் படுக்கையறையிலும் மின்விளக்கு ஹோல்டர்களுக்குள் ரகசிய கேமராக்கள் கண்டுபிடிக்கப்பட்டன. சொந்த ஊருக்குச் சென்றபோது அவர் வீட்டுச் சாவியை அந்த நபரிடம் கொடுத்துச் சென்றிருந்தார் என்றும், பதிவான காட்சிகளை எடுப்பதற்காக, மின்சாரப் பழுது பார்க்க வேண்டும் எனக் கூறி அந்த நபர் மீண்டும் மீண்டும் சாவியைக் கேட்டு வந்தார் என்றும் காவல்துறை தெரிவித்தது.

இந்த வழக்கு ரகசிய கேமரா தொடர்பானது. ஆயினும் அதன் தொடக்கம் ஒரு சாவியில்தான் இருந்தது. படிப்பு, பணி ஆகியவற்றுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கு வந்து கரோல் பாக், பழைய ராஜேந்திர நகர், முகர்ஜி நகர், மயூர் விஹார் போன்ற பகுதிகளில் வாடகைக்குக் குடியிருக்கும் பலருக்கும் இதே கேள்வி எழுகிறது. வீட்டு உரிமையாளர் தன்னிடம் உள்ள மாற்றுச் சாவியைக் கொண்டு, குடியிருப்பவரின் அனுமதியின்றி உள்ளே வரலாமா? சட்டம் கூறுவது என்ன என்பதை இங்கே காணலாம்.

உரிமை வேறு, சுவாதீனம் வேறு

வீட்டை வாடகைக்கு விட்ட பின்னரும் சொத்தின் உரிமை உரிமையாளரிடமே இருக்கும். ஆனால் வாடகைக் காலம் முடியும் வரை அதன் சுவாதீனம், அதாவது அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமை, வாடகைதாரரிடம் இருக்கும். இந்த வேறுபாடே இவ்விவகாரத்தின் அடிப்படை.

1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108(சி) பிரிவின்படி, வாடகையை முறையாகச் செலுத்தி ஒப்பந்த நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கும் வாடகைதாரர், இடையூறின்றி அந்த இடத்தை அனுபவிக்கலாம் என்று உரிமையாளர் உறுதியளித்ததாகவே கருதப்படும். ஒப்பந்தத்தில் இதற்கு மாறாக எதுவும் குறிப்பிடப்படாத நிலையில் இந்த உறுதிமொழி தானாகவே பொருந்தும். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்ததும் இங்கு குறிப்பிடத்தக்கது.

உரிமையாளர் எப்போது உள்ளே வரலாம்?

உரிமையாளருக்கு உள்ளே வரும் உரிமையே இல்லை என்று கூற இயலாது. அதே சட்டத்தின் 108(எம்) பிரிவு, வீட்டின் நிலையைப் பார்வையிடவும் குறைகளைச் சுட்டிக்காட்டவும் உரிமையாளரையும் அவருடைய முகவரையும் நியாயமான நேரங்களில் அனுமதிக்க வேண்டிய கடமையை வாடகைதாரருக்கு விதிக்கிறது. கசியும் குழாயைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே கூறி, பகலில் வரும் உரிமையாளரைத் தொடர்ந்து மறுப்பது வாடகைதாரரின் தவறாகவே கருதப்படலாம்.

எனினும், 'நியாயமான நேரம்' எது என்பதையோ எத்தனை மணி நேரத்துக்கு முன்னர் அறிவிக்க வேண்டும் என்பதையோ இந்தச் சட்டம் வரையறுக்கவில்லை. 'அனுமதிக்க வேண்டும்' என்ற சொல், கதவைத் திறந்துவிடுபவர் வாடகைதாரர் என்பதையே உணர்த்துகிறது. வீட்டில் யாரும் இல்லாத வேளையில் மாற்றுச் சாவியால் திறந்து, அறைகளைச் சோதிப்பதற்கான உரிமமாக இதைக் கொள்ள இயலாது.

தில்லிக்கு எந்தச் சட்டம்?

தில்லியில் 1958ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. ஆனால் 1988இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேல் உள்ள வீடுகளுக்கு அது பொருந்தாது. இன்று தில்லியில் புதிதாகக் குடியேறுவோரில் பெரும்பாலானோர் இந்த வரம்பைத் தாண்டியே வாடகை செலுத்துகின்றனர். அவர்களுக்கு வாடகை ஒப்பந்தமும், சொத்துரிமை மாற்றுச் சட்டமும், உரிமையியல் நீதிமன்றமுமே துணை. புதிய தில்லி வாடகைச் சட்டம் 1995இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. ஆனால் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை.

மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 2 அன்று ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் இந்த இடைவெளியை நிரப்ப முயல்கிறது. அதன்படி, பழுதுபார்ப்பு, வீட்டின் நிலையை ஆய்வு செய்தல், ஒப்பந்தத்தில் கூறப்பட்ட நியாயமான பிற காரணங்கள் ஆகியவற்றுக்காக மட்டுமே உரிமையாளர் உள்ளே வரலாம். குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னர் எழுத்து மூலமாகவோ மின்னணு வழியிலோ அறிவிப்பு அளிக்க வேண்டும். காரணம், நாள், நேரம் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். சூரிய உதயத்துக்கு முன்பும் அஸ்தமனத்துக்குப் பின்பும் நுழையக் கூடாது. தீ, வெள்ளம், நிலநடுக்கம் போன்ற அவசர நிலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஆனால் இது ஒரு மாதிரி மட்டுமே. அந்தந்த மாநிலமோ யூனியன் பிரதேசமோ இதைத் தழுவிச் சட்டம் கொண்டுவந்தால்தான் நீதிமன்றத்தில் செல்லுபடியாகும். ஆகவே, 24 மணி நேர விதி தில்லி வாடகைதாரருக்குத் தானாகக் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம், 24 மணி நேரத்துக்கு முன்னர் எழுத்துப்பூர்வ அறிவிப்பு அளிப்பதைக் கட்டாயமாக்குகிறது. காலை 7 மணி முதல் இரவு 8 மணி வரையிலான நேரத்தையே உரிமையாளர் குறிப்பிட வேண்டும். சென்னையில் சட்டமே தரும் இந்தப் பாதுகாப்பை, தில்லியில் ஒப்பந்தத்தில் எழுதிப் பெற வேண்டியுள்ளது.

எப்போது குற்றமாகும்?

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆவது பிரிவு அத்துமீறி நுழைதலைக் குற்றமாக்குகிறது. மற்றொருவரின் சுவாதீனத்தில் உள்ள இடத்துக்குள் குற்றம் புரியும் நோக்கத்துடனோ, அங்கிருப்பவரை மிரட்டும், அவமதிக்கும் அல்லது தொல்லைப்படுத்தும் நோக்கத்துடனோ நுழைவது குற்றம். குடியிருப்புக்குள் அவ்வாறு நுழைந்தால் 1 ஆண்டு வரை சிறைத் தண்டனையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இப்பிரிவு 'சுவாதீனம்' என்றே கூறுகிறது; 'உரிமை' என்று கூறவில்லை. எனவே நுழைந்தவர் வீட்டின் உரிமையாளர் என்பது மட்டுமே அவருக்குப் பாதுகாப்பாகாது. அதே வேளையில், நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும். அறிவிக்காமல் குழாயைச் சரிசெய்ய வந்த உரிமையாளரின் செயல் ஒப்பந்த மீறலாக இருக்கலாம். ஆனால் அது தண்டனைக்குரிய குற்றமாகாமல் போகலாம். எழுத்து மூலம் மறுத்த பின்னரும் திரும்பத் திரும்ப நுழைவது, மிரட்டுவது, பொருட்களைக் கலைப்பது ஆகியவை நோக்கத்தைக் காட்டும் சான்றுகளாக அமையும்.

பெண் ஒருவரின் அந்தரங்கத்தை மறைந்திருந்து பார்ப்பதும் படம் பிடிப்பதும் 77ஆவது பிரிவின் கீழ் குற்றமாகும். முதல் முறை குற்றம் உறுதியானால் 1 முதல் 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கும். ஷகர்பூர் வழக்கு இப்பிரிவின் கீழேயே பதிவானது.

பூட்டை மாற்றி வெளியேற்றினால்?

வாடகை நிலுவையில் இருந்தாலும், ஒப்பந்தக் காலம் முடிந்திருந்தாலும், குடியிருப்பவரை நீதிமன்ற ஆணையின்றிப் பலவந்தமாக வெளியேற்ற இயலாது. நிலைபெற்ற சுவாதீனத்தில் உள்ளவரைச் சட்ட வழியிலன்றி அகற்ற முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1989இல் கிருஷ்ணராம் மஹாலே வழக்கில் உறுதிப்படுத்தியது. அவ்வாறு வெளியேற்றப்பட்டவர், 1963ஆம் ஆண்டு குறித்தவகைத் தீருதவிச் சட்டத்தின் 6ஆவது பிரிவின் கீழ், 6 மாதங்களுக்குள் வழக்குத் தொடுத்துச் சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம். சொத்து யாருடையது என்ற கேள்வி அந்த வழக்கில் எழாது. உரிமையாளரின் தொடர் நுழைவைத் தடுக்கவும் உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை கோரலாம்.

விருந்தினர் விடுதிகளில் தங்குவோர் நிலை

'பேயிங் கெஸ்ட்' எனப்படும் விடுதிகளில் தங்குவோருக்கு இந்தப் பாதுகாப்பு அதே அளவில் கிடைக்காது. அங்கு பெரும்பாலும் தங்கும் அனுமதி மட்டுமே வழங்கப்படுகிறது. அறையின் முழுச் சுவாதீனம் நடத்துநரிடமே இருக்கும். ஆனால் ஆவணத்தின் தலைப்பு மட்டுமே இதை முடிவு செய்துவிடாது. ஆவணத்தின் உள்ளடக்கத்தையும், அந்த இடம் ஒருவரின் தனிச் சுவாதீனத்தில் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும் என்று, தில்லி இம்பீரியல் ஹோட்டலின் அறைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1959இல் விளக்கியது. அறையைச் சுத்தம் செய்யவோ பார்வையிடவோ வருவதற்கு ஒப்புக்கொண்டவர்களும், அந்தரங்கத்தைப் படம்பிடிக்க ஒப்புக்கொண்டவர்கள் ஆகமாட்டார்கள்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவதாக, நடந்ததைத் தேதி, நேரத்துடன் குறித்து வைக்க வேண்டும். பின்னர், முன்னறிவிப்பின்றி வர வேண்டாம் என்று வாட்ஸ்அப் அல்லது மின்னஞ்சல் வழியாக மரியாதையான சொற்களில் உரிமையாளருக்கு எழுத வேண்டும். வாய்மொழி வாக்குவாதம் சான்றாகாது, எழுதியது சான்றாகும். வாடகையை வங்கி வழியாகச் செலுத்தி வந்தால் சுவாதீனத்தை நிரூபிப்பது எளிது.

நுழைவு தொடர்ந்தால் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்கலாம். அவசர உதவிக்கு 112 என்ற எண்ணையும், பெண்கள் 181 என்ற எண்ணையும் அழைக்கலாம். 'இது உரிமையியல் விவகாரம்' எனக் கூறிப் புகாரைப் பதிவு செய்ய மறுத்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின் கீழ் காவல்துறை உயர் அதிகாரிக்குப் புகாரை அனுப்பலாம். அதன் பின்னரும் பலனில்லையெனில் நீதித்துறை நடுவரை அணுகலாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100 ஆகும்.

இவை எல்லாவற்றையும் விட எளிதான பாதுகாப்பு, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கிடைக்கக் கூடியது. '24 மணி நேரத்துக்கு முன்னர் எழுத்து மூலம் அறிவித்து, வாடகைதாரர் முன்னிலையில், பகல் நேரத்தில் மட்டுமே உரிமையாளர் உள்ளே வருவார். தீ, நீர்க்கசிவு போன்ற அவசரங்களுக்கு மட்டும் விலக்கு' என்ற ஒரு நிபந்தனையைச் சேர்க்கக் கோரலாம். மாற்றுச் சாவி எத்தனை, யாரிடம் உள்ளது என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளலாம். ஊருக்குப் புறப்படும் நாளில் சாவியை யாரிடம் ஒப்படைப்பது என்ற முடிவும் அப்போது வாடகைதாரரின் கையிலேயே இருக்கும்.