முப்பது நீளம், ஒரே வேகம்

2021 ஜூலை 28 காலை. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 200 மீட்டர் ப்ரீஸ்டைல் இறுதிப் போட்டி. ரியோவில் இதே பந்தயத்தில் தங்கம் வென்ற அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி ஐந்தாவதாகத்தான் வந்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து அதே குளத்தில் 1500 மீட்டர் பந்தயம். 15 நிமிடம் 37.34 விநாடியில் நீந்தி முடித்துத் தங்கத்தைத் தட்டிச் சென்றார். ஆண்கள் 1908 முதல் ஒலிம்பிக்கில் நீந்திவரும் இந்தத் தூரம் பெண்களுக்குக் கிடைத்ததே டோக்கியோவில்தான். முன்பே சேர்த்திருந்தால் அவர் கழுத்தில் இன்னொரு தங்கமாவது கூடுதலாக ஏறியிருக்கும் என்பது என் கணிப்பு.

இரண்டு நிமிடத்துக்குள் முடியும் 200 மீட்டரில், தசை கேட்கிற ஆற்றல் முழுவதையும் ஆக்சிஜனால் கொடுத்து முடியாது. பாக்கியை ஆக்சிஜன் இல்லாத குறுக்குவழியில் உடல் ஈடுகட்டுகிறது. அந்தக் கடன் ஏற ஏறத் தசையில் அமிலத்தன்மை கூடும், கை கனக்கும். கால் மணி நேரப் பந்தயத்தில் அந்த வழி நெடுநேரம் ஓடாது. இதயமும் நுரையீரலும் இடைவிடாமல் எவ்வளவு ஆக்சிஜன் கொண்டுவந்து சேர்க்கின்றன, அதைத் தசை எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கிறது என்பதே பேச்சு. லெடெக்கி கொடிகட்டிப் பறப்பது இங்கேதான்.

சிக்கனத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? நீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. அதன் எதிர்ப்பு ஏறத்தாழ வேகத்தின் இருமடியாக வளர்கிறது. அதைத் தாண்டிச் செல்லத் தேவைப்படும் திறனோ மும்மடியாக எகிறுகிறது. வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் திறன் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வேண்டும். ஆகவே முதல் 100 மீட்டரில் பாய்ந்துவிட்டுப் பிறகு நிதானிப்பது நஷ்டக் கணக்கு: பாய்ந்தபோது இழந்ததை நிதானத்தில் மீட்க முடியாது. ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே சீராகப் போவதே லாபம்.

அவருடைய சாதனைகளை 50 மீட்டர் நீளங்களாக வகுத்துப் பாருங்கள். 2018-இல் 1500 மீட்டரை 15:20.48-இல் முடித்தார். 30 நீளம், சராசரியாக நீளத்துக்கு 30.68 விநாடி. 2025 மே மாதம் 800 மீட்டரில் 8:04.12. அங்கே சராசரி 30.26. தூரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகியும், நீளத்துக்கு அரை விநாடிகூடக் கூடவில்லை!

2020 ஆகஸ்டில் அவர் வெளியிட்ட ஒரு வீடியோவைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தலையில் ஒரு கண்ணாடி டம்ளர் நிறைய சாக்லேட் பால். மூச்சுக்கு ஸ்நார்க்கல் குழாய். அப்படியே குளத்தின் மறுமுனை வரை நீந்துகிறார்; டம்ளர் சரியவே இல்லை. நின்றதும் எடுத்துக் குடிக்கிறார். வேடிக்கைக்குச் செய்ததுதான், ஆனால் விஷயம் அதிலேயே இருக்கிறது. தலை ஆடினால் இடுப்பு ஆடும், இடுப்பு இறங்கினால் கால் அமிழும், கால் அமிழ்ந்தால் நீர் மோதும் பரப்பு பெரிதாகும். பந்தயத்தில் அவர் கை வீச்சு மட்டும் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு பக்கம் சற்று நீண்டு, மறுபக்கம் சட்டென்று முடியும். ‘குதிரைப் பாய்ச்சல்’ என்கிறார்கள். பெரும்பாலும் ஆண் நீச்சல் வீரர்களிடம் காணப்பட்ட பாணி அது.

அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் என்றதும் அவருடைய நீண்ட கைகளைப் பற்றிப் பேசுவது வழக்கம். லெடெக்கியிடம் அப்படிச் சுட்டிக்காட்ட எதுவும் இல்லை. ஏறக்குறைய ஆறடி உயரம், முன்னணி வீராங்கனைகளிடையே அது அதிசயமல்ல. சொல்லப்போனால் குறைதான் ஒன்று உண்டு. எழுந்து நின்றால் இதயத்துடிப்பு தாறுமாறாக ஏறித் தலைசுற்ற வைக்கும் ‘பாட்ஸ்’ என்ற கோளாறு தனக்கு இருப்பதை 2024-இல் வந்த தன்வரலாற்றில் சொல்லியிருக்கிறார். நிற்கும்போது கால்களில் தேங்கும் ரத்தம், நீரில் படுத்த நிலையில், நீரழுத்தத்தின் உதவியுடன் இதயத்துக்கு எளிதாகத் திரும்புகிறது. தரையைவிடத் தண்ணீர் அவருக்குத் தோது.

லண்டனில் 15 வயதில் தொடங்கிய கணக்கு பாரிஸ் முடிய 14 ஒலிம்பிக் பதக்கங்கள், அவற்றில் 9 தங்கம். 800 மீட்டரில் மட்டும் தொடர்ந்து நான்கு ஒலிம்பிக்கிலும் தங்கம். இப்போதைய பயிற்சியாளர் சுரினாமைச் சேர்ந்த ஆன்டனி நெஸ்டி. 1988 சியோலில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் அமெரிக்காவின் மாட் பியோண்டியை 0.01 விநாடியில் முந்தித் தங்கம் வென்றவர்.

சீடருக்கு அப்படிப்பட்ட நெருக்கடி அதிகம் வந்ததில்லை. ரியோவில் 800 மீட்டரை அவர் முடித்து 11 விநாடிக்கு மேல் ஆன பிறகே இரண்டாமவர் சுவரைத் தொட்டார். 2025 உலகப் போட்டியில், சிங்கப்பூரில், 28 வயதில் அதே 800 மீட்டரை மீண்டும் வென்றார். அப்போது ஆஸ்திரேலியாவின் லானி பாலிஸ்டர் பின்தங்கியது வெறும் 0.36 விநாடி.