உளச்சோர்வு மருந்தும் குருதிச் சர்க்கரையும்

உளச்சோர்வு நீக்கும் மருந்துகள் யாவும் குருதிச் சர்க்கரையை ஒரே திசையிற் செலுத்துவன அல்ல. 1957-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் கூன் அறிவித்த இமிப்பிரமின் வகையைச் சேர்ந்தது அமிட்ரிப்டிலின். அது பசியைத் தூண்டி உடலெடையைக் கூட்டவல்லது. எடை மிகின் இன்சுலினின் ஆற்றல் குன்றும், சர்க்கரை ஏறும்.

1987-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற புளூவாக்சிட்டினோ இதற்கு மாறானது. உட்கொள்ளுங்கால் சர்க்கரை தாழலாம், நிறுத்தியபின் உயரலாம். ஆகவே, நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றுக்கொள்வோர் இம்மருந்தைத் தொடங்கும்போதும் விடும்போதும், இன்சுலின் அளவை மருத்துவர் மாற்ற நேரிடலாம்.

நடுக்கமும் வியர்வையும் சர்க்கரைத் தாழ்வின் குறிகளாகலாம். மனக்கலக்கமென்றே எண்ணி வாளாவிருத்தல் தீங்கு. அச்சத்தால் மருந்தைத் தாமே விடுதலும் தகாது. மருத்துவர் இருவராயின், ஒருவர் தந்த மருந்தை மற்றவர்க்கு அறிவித்தல் நோயாளியின் கடன்.