பழைய டிராக்டர்: பழுது பார்ப்பதா, விற்றுவிடுவதா?

கோலார் தங்கவயல் இயந்திரங்களோடு பழகிய ஊர். 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் நடத்திய சுரங்கங்களில் உழைக்க வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள், இங்கேயே இயந்திரத் தொழிலையும் கற்றுக்கொண்டார்கள். 1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து இவ்வூருக்கு மின்சாரம் வந்தது. பின்னர் 1960களில் புல்டோசர் முதலிய மண் அகழும் இயந்திரங்களைச் செய்யும் பெமல் நிறுவனமும் இங்கே காலூன்றியது. எனவே ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ, நின்றுபோன டிராக்டரை ஓடவைக்கக் கைத்திறன் உள்ளவரைத் தேடுவது கடினமன்று. ஓடவைக்க முடியுமா என்பதைவிட, ஓடவைப்பது கட்டுபடியாகுமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இவ்விரு கேள்விகளுக்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஊர் அனுபவித்தே அறிந்திருக்கிறது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது, பூமிக்கடியில் தங்கம் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. எடுக்கும் செலவு, எடுத்த தங்கத்தின் மதிப்பை மிஞ்சிவிட்டது. கொட்டகையில் நிற்கும் டிராக்டருக்கும் இதே அளவுகோல்தான் பொருந்தும்.

முதலில் உடல்நிலை

டிராக்டரின் வயதைக்கொண்டு முடிவெடுக்க வேண்டாம். பிஸ்டன், ரிங், பேரிங், கிளட்ச் பிளேட், நாசில் ஆகியவை தேய்வதற்கென்றே அமைந்தவை, மாற்றிவிடலாம். பெரும்பாலான டிராக்டர் இன்ஜின்களில் சிலிண்டர் லைனரையும் கழற்றி மாற்ற முடியும். அச்சப்பட வேண்டியவை வார்ப்பிரும்புப் பாகங்கள்: இன்ஜின் பிளாக், கியர் பாக்ஸ் கூடு, பின் அச்சுக் கூடு. இவற்றில் விரிசல் இருந்தால் செலவு எங்கே போய் நிற்கும் என்று எவராலும் சொல்ல இயலாது.

இன்ஜின் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே கலக்கிறது என்று பொருள். கேஸ்கட் பழுதாக இருந்தால் சிறு செலவு. பிளாக்கில் விரிசலாக இருந்தால் பெருஞ்செலவு. சூடேறிய பின்னும் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. கிராங்க் ஷாஃப்டை முன்பே எத்தனை முறை லேத் பட்டறையில் கடைந்திருக்கிறார்கள் என்பதையும் கேட்டறிய வேண்டும். ஒவ்வொரு முறையும் அது மெலிகிறது, ஒரு வரம்புக்குமேல் கடைய முடியாது.

ஆகவே, மெக்கானிக் வெளியிலிருந்து பார்த்துச் சொல்லும் தொகையை நம்பி முழு வேலையையும் ஒப்படைப்பது சரியன்று. பிரித்துப் பார்ப்பதற்கான கூலியை மட்டும் முதலில் கொடுத்து, பிரித்த பின் எழுத்தில் மதிப்பீடு பெறுங்கள். அத்தொகையுடன் கால் பங்கு கூட்டி வைத்துக்கொள்வது விவேகம்.

உதிரிபாகம் கிடைக்குமா?

1963ஆம் ஆண்டு இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கூட்டுறவில் டிராக்டர் தொழிலில் இறங்கிய மகேந்திராவும், சென்னையின் டாஃபே தயாரிக்கும் மேசி ஃபெர்குசனும் இன்றும் சந்தையில் உள்ளன. ஆனால் 1971ஆம் ஆண்டு செக்கோஸ்லோவாக்கியாவின் ஜீட்டர் தொழில்நுட்பத்தோடு பிஞ்சோரில் தொடங்கிய எச்.எம்.டி. டிராக்டர் பிரிவை மூடுவதென 2016ஆம் ஆண்டு மத்திய அரசு முடிவெடுத்தது. அத்தகைய வண்டி வைத்திருப்போர், வேலையைத் தொடங்கும் முன்பே தேவையான பாகங்களின் பட்டியலைக் கடையில் கொடுத்து, கிடைக்கும் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். பாதி பிரித்த டிராக்டருக்கு வாங்குவோர் அரிது.

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகவும், டிராக்டர் டயர் மற்றும் பல உதிரிபாகங்களுக்கான வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகவும் குறைக்கப்பட்டன. ஆகையால் அதற்கு முன் போட்ட கணக்கு எதுவாயினும், இன்றைய விலையில் மீண்டும் போட்டுப் பார்ப்பது நலம்.

ஆவணங்களின் நிலை

இன்ஜினைத் திறப்பதற்கு முன் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். விவசாய டிராக்டரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஆய்வுக்கு உட்படுத்தி 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

தந்தையார் பெயரில் உள்ள வண்டியாயின், அவர் மறைவுக்குப் பின் வாரிசு பெயருக்குப் படிவம் 31 வழியே மாற்ற வேண்டும். கடனை எப்போதோ அடைத்திருந்தும், சான்றிதழில் வங்கியின் அடமானக் குறிப்பு நீக்கப்படாமலே இருப்பதை அடிக்கடி காண்கிறோம். கடன் கொடுத்த வங்கியின் பெயர்ப்பலகை இன்று இல்லையே என்று கலங்க வேண்டாம். ஸ்டேட் பாங்க் ஆஃப் மைசூர் 2017இல் பாரத ஸ்டேட் வங்கியுடனும், விஜயா வங்கி 2019இல் பரோடா வங்கியுடனும், சிண்டிகேட் வங்கி 2020இல் கனரா வங்கியுடனும் இணைந்தன. அந்தந்த வங்கியில் தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் குறிப்பை நீக்கிக்கொள்ளலாம்.

மணிக்கணக்கே தீர்ப்பு

வண்டிக்கு இதுவரை செலவழித்த பணம் இக்கணக்கில் சேராது; அது திரும்பி வராது. இனிமேல் ஆகும் செலவும், இனிமேல் கிடைக்கும் பயனுமே கணக்கு. விளக்கத்துக்காக ஓர் எடுத்துக்காட்டு.

பட்டறை மதிப்பீடு 1,12,000 ரூபாய். கால் பங்கு கூட்டினால் 1,40,000. வண்டியை உள்ளபடியே விற்றால் 60,000 கிடைக்கும் என்று கொள்வோம். விற்காமல் வைத்திருப்பதால் அத்தொகையை இழக்கிறோம். ஆக முதலீடு 2,00,000. பழுது பார்த்தபின் 5 ஆண்டுகள் உழைக்கும். டீசல், ஓட்டுநர், பராமரிப்பு எல்லாம் சேர்த்து மணிக்கு 550 ரூபாய். வாடகை டிராக்டருக்கு மணிக்கு 1,000 ரூபாய் எனக் கொள்வோம். சொந்த வண்டியால் மணிக்கு 450 ரூபாய் மிஞ்சும். 2,00,000ஐ 450ஆல் வகுத்தால் சுமார் 444 மணி நேரம். ஆண்டுக்கு ஏறத்தாழ 90 மணி நேரம். இதற்கு வட்டியைச் சேர்க்கவில்லை. கடன் வாங்கினால் எல்லை இன்னும் உயரும்.

நான்கு ஏக்கர் கேழ்வரகு மட்டும் பயிரிடுபவருக்கு ஆண்டில் 40 மணி நேர வேலைகூட இராது. அவருக்குச் சொந்த வண்டியில் மணிக்கு 1,550 ரூபாய் ஆகிறது, வாடகையே மலிவு. கர்நாடகத்தில் ‘கிருஷி யந்திர தாரே’ வாடகை மையங்கள் இத்தகையோருக்காகவே அமைந்தவை. தக்காளிக்குப் பாத்தி போட்டு, அக்கம்பக்கத்து நிலங்களையும் உழுது 300 மணி நேரம் ஓட்டுபவருக்கோ ஏறத்தாழ 683 ரூபாய்தான் ஆகும். வண்டியும் பழுதும் ஒன்றே, முடிவு நேரெதிர். தங்கள் எண்களை இதே வரிசையில் எழுதிப் பாருங்கள். ஒன்றை நினைவில் கொள்க: விவசாயத்துக்கெனப் பதிவான வண்டியில் வாடகைச் சுமை ஏற்றினால், விபத்து நேரும்போது காப்பீட்டுத் தொகை பெறுவதில் சிக்கல் எழலாம்.

பணத்துக்கு வழி

கிசான் கடன் அட்டையின் வரம்பைக் கணக்கிடும்போது, பயிர்ச்செலவுத் தொகையில் 20 விழுக்காடு பண்ணைச் சொத்துகளின் பராமரிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் எனச் சேர்க்கப்படுகிறது. பயிர்ச்செலவு 1,50,000 எனில் 30,000 ரூபாய் இதற்கென உண்டு. கிளட்ச், டயர் போன்ற செலவுக்கு இது உதவும். முழு இன்ஜின் வேலைக்குப் போதாது. அதற்குத் தவணைக் கடன் குறித்துக் கிளையில் பேசலாம். வீட்டு நகையை அடகு வைக்க எண்ணுவோர், டிராக்டர் ஈட்டும் மிச்சத்திலிருந்தே அதை மீட்க முடியுமா என்று மேற்கண்ட கணக்கைக்கொண்டு பார்த்த பிறகே வைக்கட்டும்.

அந்த டிராக்டர், தந்தையார் தம் பணிக்கால முடிவுத் தொகையில் வாங்கியதாக இருக்கலாம். அந்தப் பற்றுக்கு மதிப்பில்லை என்று வங்கியாளர் சொல்ல மாட்டார். ஆனால் அதைத் தனி வரியில் எழுதுங்கள்: ‘கணக்குப்படி நட்டம் இவ்வளவு; நினைவுக்காக அதை ஏற்கிறோம்’ என்று குடும்பத்தார் அறிந்தே முடிவெடுத்தால் அதில் தவறில்லை. பற்றை இலாபம் என்று பெயரிட்டுக் கடன் வாங்குவதே ஆபத்து.

சுரங்கம் விட்டுச்சென்ற சயனைடு மேடுகளில் எஞ்சிய தங்கத்தை எடுக்க, ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பிலுள்ள 13 மேடுகளுக்கு 2024ஆம் ஆண்டு கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நேற்றுக் கட்டுபடியாகாதது, விலை மாறினால் இன்று கட்டுபடியாகலாம். ஆனால் மேடு காத்திருக்கும், டிராக்டர் காத்திராது. மழையிலும் வெயிலிலும் டயர் வெடிக்கும், டீசல் பம்ப் துருப்பிடிக்கும், விலை ஆண்டுதோறும் இறங்கும். ஆகையால் பழுது பார்ப்பதோ விற்பதோ, அடுத்த உழவுப் பருவத்துக்கு முன்பே முடிவெடுத்துவிடுங்கள்.