வெளிவரும் முன்னரே பரீட்சிப்பதா?

இன்று எமது பிரதேசங்களில் பல பெண்களின் வீடுகளில் ஒரு கணினி இருக்கின்றது. பிள்ளையின் படிப்புக்கென வாங்கப்பட்ட அக்கணினி காலப்போக்கில் வீட்டின் பெட்டகமாகவே மாறிவிடுகின்றது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, காணாமற்போன கணவரின் புகைப்படம், கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், தையல் தொழிலின் வரவு செலவு என யாவும் அதற்குள்தான் இருக்கின்றன. இடம்பெயர்வுகளில் மூலப் பத்திரங்களை இழந்தவர்களுக்கு அந்தப் பிரதி மட்டுமே எஞ்சியிருக்கவும் கூடும். அப்படிப்பட்ட கணினியில் "இன்னும் வெளிவராத புதிய விண்டோஸைப் போட்டுப் பார்ப்போம்" என்று மகனோ அயலவரோ கேட்டால் என்ன செய்வது?

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் ஆகும். அதன் புதிய பதிப்பை எல்லோருக்கும் வழங்கும் முன்னர், விரும்பியவர்களிடம் கொடுத்துப் பிழைகளைக் கண்டறிவது வழக்கம். மைக்ரோசொப்ட் நிறுவனம் 2014 ஆம் ஆண்டில் இதற்கென 'விண்டோஸ் இன்சைடர்' திட்டத்தை ஆரம்பித்தது. இலவசமான உபுண்டு இயங்குதளமும் ஏப்ரல், ஒக்டோபர் மாத வெளியீடுகளுக்கு முன்னர் 'பீற்றா' பதிப்பை வழங்குகின்றது. உலகிலுள்ள கணினிகளும் பிரிண்டர்களும் எண்ணற்ற வகையானவை. அவை அனைத்தையும் ஒரு நிறுவனம் தனியே பரீட்சிக்க முடியாது. எனவே பாவனையாளர்களின் உதவி தேவைப்படுகின்றது.

இதில் உள்ள ஆபத்தை 2018 ஆம் ஆண்டுச் சம்பவம் ஒன்று உணர்த்துகின்றது. அவ்வருடம் ஒக்டோபர் 2 ஆம் திகதி வெளியான விண்டோஸ் 10 புதுப்பிப்பினால் சிலருடைய ஆவணங்களும் புகைப்படங்களும் அழிந்துபோயின. சில நாட்களிலேயே அதன் விநியோகம் நிறுத்தப்பட்டு, நவம்பர் 13 ஆம் திகதி மீண்டும் வெளியிடப்பட்டது. பாதிக்கப்பட்டோர் மிகச் சிறு தொகையினரே. ஆயினும் பரீட்சித்தவர்களில் சிலர் இப்பிழையை முன்னரே அறிவித்திருந்தனர். அதே முறைப்பாட்டைச் செய்தோர் குறைவாக இருந்தமையால் அது கவனிக்கப்படாமற் போனது. அதன் பின்னரே, பிழை எவ்வளவு பாரதூரமானது என்பதையும் குறிப்பிடும் வசதி முறைப்பாட்டுப் பகுதியில் சேர்க்கப்பட்டது. எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்து ஒரு முறைப்பாட்டை எடைபோடக் கூடாது என்பதை எமது பெண்கள் அனுபவத்தில் அறிவார்கள்.

அப்படியாயின் பெண்கள் இதிலிருந்து ஒதுங்கியிருக்க வேண்டுமா? இல்லை. புதிய பதிப்பில் தமிழ் எழுத்துகள் உடையாமல் தெரிகின்றனவா, தமிழ் விசைப்பலகை ஒழுங்காக இயங்குகின்றதா என்பவற்றைத் தமிழில் வேலை செய்பவரே கண்டு சொல்ல முடியும். கணினி ஆண்களின் விடயம் என்று எண்ணவும் தேவையில்லை. ஆனால் பின்வருவனவற்றைக் கவனத்திற் கொள்ளுங்கள்.

• வீட்டில் ஒரே கணினி மட்டும் இருந்தால் அதில் பரீட்சார்த்தப் பதிப்பை நிறுவ வேண்டாம். பாவனையில் இல்லாத பழைய கணினி இருந்தால் அதில் செய்து பாருங்கள்.

• உபுண்டுவை வெற்றுப் பென் டிரைவ் ஒன்றில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம். அப்போது நிறுவும் தெரிவை அழுத்தாதீர்கள்.

• முக்கிய ஆவணங்களை வேறு இரண்டு இடங்களில் பிரதி செய்யுங்கள். ஒன்று வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையான உறவினரிடம் இருப்பது நல்லது. பிரதிகள் திறக்கின்றனவா என்றும் பாருங்கள்.

• பரீட்சார்த்தப் பதிப்பிலிருந்து பழைய நிலைக்குத் திரும்ப, சில வேளைகளில் கணினியை முற்றாக அழித்து மீள நிறுவ நேரிடும்.

• பிழை கண்டால், என்ன செய்தபோது என்ன நடந்தது என்பதை ஒழுங்காக எழுதி அனுப்புங்கள்.

பரீட்சார்த்தப் பதிப்பு வேறு, பாதுகாப்புப் புதுப்பிப்பு வேறு. முன்னையதை மறுக்கலாம், பின்னையதை மறுக்கக் கூடாது. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவடைந்துவிட்டது என்பதையும் அதனைப் பாவிப்போர் அறிந்திருத்தல் அவசியம்.

மகன் கேட்கும்போது மறுக்க வேண்டியதில்லை. "முதலில் அப்பாவின் படத்தையும் காணி உறுதியையும் வேறு இடத்தில் பிரதி எடு, பிறகு பழைய கணினியில் செய்து பார்" என்று சொல்லுங்கள். பிரதி எடுக்கும்போது நீங்களும் அருகிலிருந்து பழகிக்கொள்ளுங்கள்.